ஐந்நூற்றுவர்: கல்லில் எழுதிய வலைப்பின்னல்

மர்பி டவுன் சந்தையில் ஒரே கடைக்காரர் ஒருவரிடம் தமிழிலும் அடுத்தவரிடம் கன்னடத்திலும் விலை பேசுவதை நாள்தோறும் கேட்கிறேன். இவ்விரு மொழிகளும் வணிகத்தில் கைகோத்த வரலாறு ஆயிரம் ஆண்டு பழையது. அதற்குச் சிறந்த சான்று ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழு.

பெயரிலிருந்தே தொடங்கலாம். இன்றைய வட கர்நாடகத்தின் ஐஹொளெ, கன்னடக் கல்வெட்டுகளில் ‘அய்யாவொளெ’. தமிழ்க் கல்வெட்டுகளில் ‘ஐயப்பொழில்’. குழுவினர் தம்மை அவ்வூர்ப் பரமேசுவரியின் மக்கள் என்று மெய்க்கீர்த்திகளில் போற்றிக்கொண்டனர். ஊராலும் மொழியாலும் வேறுபட்ட வணிகர் இவ்வாறு ஒரு தாயின் பிள்ளைகள் ஆயினர். முகமறியாதவனிடம் சரக்கை ஒப்படைக்கத் தேவையான நம்பிக்கையை இந்தக் கற்பித உறவே வழங்கியது என்பது என் வாசிப்பு.

அவ்வுறவு கடலையும் கடந்தது. சுமத்திராவின் மேற்குக் கரையில், கற்பூரத்துக்குப் புகழ்பெற்ற பாருஸ் அருகே லோபு துவாவில் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. சக ஆண்டு 1010, அதாவது பொ.ஆ. 1088. அங்கே கூடிய ‘திசையாயிரத்து ஐந்நூற்றுவர்’, வரும் மரக்கலத்தார் கஸ்தூரி விலையை அளவாகக் கொண்டு பொன் செலுத்த வேண்டும் என்று விதித்தனர். சோழ நாட்டில் முதற்குலோத்துங்கன் ஆண்ட காலம் அது. ஆயினும் கல்வெட்டில் அவன் ஆட்சியாண்டு இல்லை, சக ஆண்டே உள்ளது. விதித்தது வலைப்பின்னல், அரசன் அல்லன்.

இதைப் பொற்காலமாக்க வேண்டியதில்லை. இக்குழுக்களுக்கு ஆயுதம் தாங்கிய வீரர்களும் அவர்கள் காத்த எறிவீரபட்டினங்களும் இருந்தன. நம்பிக்கைக்குப் பின்னால் வாளும் நின்றது. மரக்கலத்தில் துடுப்பு வலித்தவர் அந்தக் கூட்டத்தில் பேசியதற்குச் சான்று ஏதுமில்லை.

மானுவேல் காஸ்டல்ஸ் 1996இல் ‘வலைப்பின்னல் சமூகம்’ பற்றி விரிவாக எழுதினார். வலைப்பின்னல் மிகப் பழைய அமைப்பு என்பதையும், அதற்குத் தகவல் தொழில்நுட்பம் புதிய ஆற்றல் தந்தது என்பதையும் அவரே ஏற்கிறார். ஆகவே வலைப்பின்னல் புதிதா என்பதன்று கேள்வி. அதன் விதியை யார் எழுதுகிறார், யார் படிக்க முடிகிறது என்பதே.

மாலையில் இத்தெருமுனையில் உணவு விநியோக இளைஞர்கள் கைப்பேசியைப் பார்த்தபடி காத்திருக்கின்றனர். அடுத்த நடைக்கு என்ன கூலி என்பதைத் திரை சொல்லும். ஏன் அக்கூலி என்பதைச் சொல்லாது. பாருஸில் கட்டணத்தை விதித்தவர் தம் பெயரையும் அளவையும் கல்லில் பொறித்தனர். வந்தவன் அதைக் காட்டி வாதிடவாவது முடிந்திருக்கும்.