தூண்டில் போட்டியும் நொய்யல் தண்ணியும்

‘பாஸ்’னு சொன்னா எங்க திருப்பூர்ல ரெண்டே அர்த்தம்தான். ஒண்ணு முதலாளி. இன்னொண்ணு, செக்கிங்ல பீஸ் தேறிடுச்சுங்கறது. அமெரிக்காவுல அது ஒரு மீனு. அந்த மீனைப் பிடிக்கறதுக்குப் போட்டி வச்சு, பரிசு குடுத்து, டிவியிலயும் காட்டுவாங்க. அதுல பெண்கள் உள்ளே நுழைஞ்ச கதையைத் தேடிப் படிச்சதுல, நம்ம ஊர் குளத்தைப் பத்தியும் கொஞ்சம் புரிஞ்சுது. அதான் இந்தப் பதிவு.

முதல்ல மீனைப் பத்தி. நம்ம விரால் மாதிரியே குணம். புல்லுக்கடியில, செடி மறைவுல பதுங்கிக் கிடந்து, தவளையோ சின்ன மீனோ வந்தா பாய்ஞ்சு கவ்வும். சும்மா புழுவைக் கோத்துப் போட்டுட்டுத் தூங்கற வேலை இல்லீங்க. எங்க பதுங்கியிருக்கும், இன்னிக்கு வெயிலுக்கு ஆழத்துக்குப் போயிருக்குமான்னு யோசிச்சுப் போடணும். கை பலத்தை விடத் தண்ணியைப் படிக்கற அறிவுதான் முக்கியம். ஆக, பெண்கள் ஆட முடியாத ஆட்டம்னு இதைச் சொல்ல ஒரு காரணமும் கிடையாது.

ஆனாலும் சொன்னாங்க. 1967ல ரே ஸ்காட்னு ஒருத்தர் ஆர்கன்சா மாநிலத்து பீவர் ஏரியில பெரிய போட்டி ஒண்ணு நடத்தினார். ஆளுக்கு 100 டாலர் கட்டி 106 பேர் வந்தாங்க. அடுத்த வருஷமே பாஸ் மீன் பிடிக்கறவங்களுக்குன்னு ஒரு சங்கமும் ஆரம்பிச்சார். பின்னாடி அந்த விளையாட்டுக்கே அதுதான் தாய்ச்சங்கம்னு ஆகிப்போச்சு. ஆனா அதோட போட்டிகள்ல பெண்களுக்கு இடமில்லை. அங்க சீட்டுக் குலுக்கி, முன்னப்பின்ன தெரியாத ரெண்டு பேரை ஒரே படகுல நாள் முழுக்க அனுப்புவாங்க. ஆம்பளையும் பொம்பளையும் எப்படி அப்படிப் போறது, அவசரத்துக்கு ஒதுங்கணும்னா என்ன பண்றதுன்னெல்லாம் கேட்டாங்களாம். எங்கேயோ கேட்ட மாதிரி இருக்குதுங்களா? :)

பெண்கள் சும்மா உட்காரலை. 1976ல டெக்சாஸ்ல சுகர் ஃபெரிஸ்ங்கற அம்மணி ‘பாஸ்’ன் கேல்’னு பெண்களுக்குத் தனிச் சங்கமே ஆரம்பிச்சுட்டார். தனிப் போட்டி, தனிப் பரிசு, தனிச் சாம்பியன் பட்டம். அதுல கிறிஸ் ஹூஸ்டன்னு ஒருத்தர் ஏழு தடவை ‘வருஷத்தின் சிறந்த தூண்டில்காரர்’ பட்டம் வாங்கினார். அவரோட வீட்டுக்காரர் ஜிம்மி ஹூஸ்டன் டிவியில மீன்பிடி நிகழ்ச்சி நடத்தி ஊரெல்லாம் பேர் வாங்கினவர். வீட்டுக்குள்ளயே ஒரு ஏழு முறை சாம்பியன்!

பெரிய கதவு 1991லதான் திறந்துச்சு. அது திறந்த விதம்தான் என்னை யோசிக்க வச்சது. தாய்ச்சங்கத்துக்கு மனசு மாறி ஒண்ணும் திறக்கலை. அமெரிக்காவுல நிறைய ஏரிகள் அணை கட்டினதால உண்டானவை. அவற்றை நிர்வாகம் பண்றது ராணுவத்தோட பொறியாளர் படை, அதாவது அரசாங்கம். பெண்களை ஒதுக்கி வச்சுட்டு எங்க ஏரியில போட்டி நடத்த முடியாதுன்னு அவங்க சொல்லிட்டாங்க. பொதுத்தண்ணி இல்லையா? சங்கம் இறங்கி வந்துச்சு. அந்த வருஷமே வோஜாய் ரீட்னு ஒரு அம்மா அதோட போட்டியில கலந்துக்கிட்ட முதல் பெண் ஆனார். அவரோட கணவர் சார்லி ரீட் 1986ல பாஸ்மாஸ்டர் கிளாசிக்னு சொல்ற உச்சப் போட்டியில ஜெயிச்சவர்.

அப்புறமும் பாதை நேரா இல்லை. 1998ல பாஸ்’ன் கேல் மூடப்பட்டது. 2000களின் நடுவுல தாய்ச்சங்கமே பெண்களுக்குத் தனித் தொடர் ஒண்ணு ஆரம்பிச்சு, சில வருஷத்துல அதையும் நிறுத்திடுச்சு. ஆனா அந்த இடைவெளிக்குள்ள, ஆஸ்திரேலியாவுல இருந்து வந்த கிம் பெய்ன்-மூர் 2009ல கிளாசிக்ல தூண்டில் போட்ட முதல் பெண் ஆனார். அடுத்த வருஷம் பாம் மார்ட்டின்-வெல்ஸ் அதே கிளாசிக்ல கடைசி நாள் வரைக்கும் தாக்குப்பிடிச்சு 22வது இடம் வந்தார். ஆம்பளைங்க கூட ஒரே தண்ணியில, ஒரே தராசுல.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். நமக்கு இந்த மாதிரி சங்கம், படகு, ஸ்பான்சர் எல்லாம் இல்லை. ஆனா பெண்களும் சேர்ந்து இறங்கற மீன்பிடிப் போட்டி ஒண்ணு இருக்கு. சிவகங்கை, புதுக்கோட்டை, மதுரைப் பக்கம் கோடையில கண்மாய்த் தண்ணி வத்தினதும் நடக்கற மீன்பிடித் திருவிழாவைத்தான் சொல்றேன். சாமி கும்பிட்டு, ஊர்ப்பெரியவர் வெள்ளைத் துண்டை வீசினதும் கரையில நின்ன சனம் பூரா ஒரே நேரத்துல இறங்கும். ஊத்தா, கச்சா வலை, பரி, அரிகூடைன்னு கையில கிடைச்சதோட ஆம்பளை, பொம்பளை, பொடிசுகள் எல்லாரும். சேத்துல கைவிட்டு விராலை அமுக்கிப் பிடிக்கற அக்காக்களைப் பார்த்தா, இவங்களுக்கா தண்ணியைப் படிக்கத் தெரியாதுன்னு தோணும். பிடிச்சதை விக்காம வீட்டுல குழம்பு வச்சு, சொந்தபந்தத்துக்கும் குடுக்கறது பல ஊர்ல வழக்கம்.

அங்கே பொம்பளைங்க வரலாமான்னு யாரும் கேக்கறதில்லை. ஏன்? கண்மாய் அன்னிக்கு ஊருக்குப் பொது. அதே கண்மாயில மீன்பாசி குத்தகைன்னு வந்துட்டா குத்தகைதாரர் வச்சதுதான் சட்டம். யார் கையில தண்ணி இருக்கோ அவங்கதான் யார் இறங்கலாம்னு முடிவு பண்றாங்க. அமெரிக்கக் கதையும் இதேதான்.

திருப்பூர்க் கதை இன்னும் மோசம். வெள்ளியங்கிரி மலையில பிறந்து, கோவை தாண்டி நம்ம ஊருக்குள்ள ஓடி, கரூர் மாவட்டத்துல காவிரியில சேர்ற நொய்யல் இருக்கே, அதுல யாரும் யாரையும் ‘இறங்காதே’ன்னு தடுக்கலை. சாயத்தண்ணியை விட்டே இறங்க முடியாம பண்ணிட்டோம். பாசனத்துக்குன்னு 1992ல வந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கற தொட்டியாச்சு. 2011 ஜனவரியில சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னப்பதான் ஊரே முழிச்சுப் பார்த்துச்சு. அந்தத் தொழில்லதான் நாமளும் சோறு தின்னோம், இல்லேங்கலை. சிவகங்கை, மதுரையில இருந்து இங்க வந்து தையல் மெஷின்ல உட்கார்ந்திருக்கற பொண்ணுங்களும் அதை நம்பித்தான் வந்தாங்க. கண்மாய்ல ஊத்தா குத்தின கை இப்ப ஓவர்லாக் மெஷின் ஓட்டுது. ஞாயித்துக்கிழமை லீவுல அந்தக் கை தூண்டில் போடணும்னா, இந்த ஊர்ல எங்க போகும்?

ஒரு நல்ல சேதியும் உண்டு. திருப்பூரை ஒட்டி இருக்கற நஞ்சராயன் குளம் தமிழ்நாட்டோட 17வது பறவைகள் சரணாலயம் ஆகி, 2024ல ராம்சார் பட்டியல்லயும் சேர்ந்திருக்கு. அங்க இனி நாரைகளும் கொக்குகளும்தான் போட்டியாளர்கள். இருக்கட்டும், அதுங்களுக்கும் பங்கு வேணுமில்ல. ஆனா ஒரு குளம் பிழைச்சா மத்ததும் பிழைக்கும்னு நம்பறேன்.

உங்க ஊர்ல கண்மாயோ ஏரியோ இருந்தா, அங்க மீன்பிடித் திருவிழா நடந்தா, பொம்பளைங்க எதை வச்சுப் பிடிக்கறாங்க, அதுக்கு உங்க ஊர்ல என்ன பேருன்னு எழுதிப் போடுங்க மக்களே. அமெரிக்காக்காரங்க யார் எந்த வருஷம் எந்த ஏரியில எத்தனை பவுண்டு பிடிச்சாங்கன்னு எழுதி வச்சிருக்காங்க. நம்ம அக்காக்கள் பிடிச்ச விராலுக்குக் குழம்பு வாசனையைத் தவிர வேற பதிவே இல்லை.