சாய்ந்த நெல்லும் சாயாத நெல்லும்

பாரன்கைமா, கோலன்கைமா, ஸ்கிளீரன்கைமா. ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணி, பரீட்சை முடிஞ்சதும் நாம மறந்துபோன மூன்று பெயர்கள். இன்னைக்கு இந்த எளிய திசுக்களை வைத்துத் தஞ்சாவூர் டெல்டாவின் கதையைச் சொல்லப்போறேன்.

முதல்ல ஒரு சின்ன நினைவூட்டல். பாரன்கைமா மெல்லிய சுவர் கொண்ட உயிருள்ள செல்கள். உணவைச் சேமிக்கும், இடத்தை நிரப்பும். கோலன்கைமாவும் உயிருள்ளதுதான், ஆனா செல்லின் மூலைகள் தடித்திருக்கும். பூசணித் தண்டு உடையாம வளையுதே, அது இதனால்தான். ஸ்கிளீரன்கைமா முதிர்ந்ததும் பெரும்பாலும் இறந்துவிடும். லிக்னின் ஏறிய கெட்டிச் சுவர் மட்டும் நின்று செடியைத் தாங்கும்.

நெல் ஒரு புல். புல் இனங்களில் கோலன்கைமா பெரும்பாலும் கிடையாது. தாளை ஒரு குழாய் மாதிரி நினைச்சுக்கோங்க. தோலுக்கு அடியில் ஸ்கிளீரன்கைமா வளையம், அதற்குள் பாரன்கைமா, நடுவில் வெற்றிடம். வேரிலும் இலையுறையிலும் பாரன்கைமாவுக்குள் காற்றறைகள் உண்டு. அதன் பெயர் ஏரன்கைமா. காவிரித் தண்ணீரில் மாதக்கணக்கா நின்றும் வேர் மூச்சுவிடுவது அதன் வழியாத்தான்.

இந்த அமைப்பை நம்ம ஆட்கள் ரொம்ப காலம் முன்பே கவனித்திருக்காங்க. வெளியே வைரம் பாய்ந்தால் புல், உள்ளே பாய்ந்தால் மரம்னு தொல்காப்பியத்தின் மரபியல் பிரிக்குது. மைக்ரோஸ்கோப் இல்லாத காலத்தில்!

இப்போ 1960க்கு வருவோம். ஃபோர்டு அறக்கட்டளை உதவியோடு தொடங்கிய தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்தில், முதல் ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. விதை, உரம், கடன் எல்லாம் ஒன்றாகக் கிடைக்கும். ஆனா பழைய நெட்டை ரகங்களுக்கு உரத்தை அள்ளிப் போட்டா என்ன ஆகும்? கணுவிடை நீளும், சுவர் மெலியும், கதிர் கனக்கும். ஐப்பசி மழையும் காற்றும் வந்தா பயிர் படுத்துடும். சேற்றில் கிடந்த கதிர் வயலிலேயே முளைச்சிடும்.

அது நாட்டில் அரிசித் தட்டுப்பாடு நிலவிய நேரம். 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி எடுபட்டதுக்கு அதுவும் ஒரு காரணம்.

ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ஏடிடி 27, உரத்தை ஏற்கும் குறுகிய கால ரகமாகக் குறுவையில் வேகமாகப் பரவியது. 1966இல் பிலிப்பைன்ஸிலிருந்து ஐஆர் 8 வந்தது. அதன் குட்டைத்தன்மை டீ-ஜியோ-ஊ-ஜென் என்ற தைவான் ரகத்திலிருந்து கிடைத்தது. எனக்கு இதில் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. தாங்கும் திசுவை மாற்றுவதைவிட, அது தாங்க வேண்டிய உயரத்தைக் குறைத்ததுதான் பெரிய தீர்வாச்சு. ஆளுயரப் பயிர் சுமார் மூன்றடியானது. கனத்த கதிரோடும் நின்றது.

ஆனா விலை இல்லாம இல்லை. நீளமான தாள் வீணாக வளர்ந்தது கிடையாது. அது மாட்டுக்குத் தீனி, கொட்டகைக்குக் கூரை. தண்ணீர் தேங்கும் கடைமடை வயலில் மூழ்காமல் நிற்கவும் அந்த உயரம்தான் உதவியது. திருத்துறைப்பூண்டி பக்கம் நெல் ஜெயராமன் பழைய ரகங்களைத் தேடித் தேடிச் சேர்த்தது இதையெல்லாம் மனதில் வைத்துப் பார்க்க வேண்டிய வேலை.

விளைச்சலை மட்டும் அளந்தா குட்டைதான் ஜெயிக்கும். வைக்கோலையும் வெள்ளத்தையும் சேர்த்து அளந்தா, ஒவ்வொரு வயலுக்கும் பதில் வேறயா இருக்கும். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.