கணினிப் புலனாய்வு வல்லுநர்களின் பன்னாட்டுச் சங்கம்: தன்னார்வத் தலைமையின் வரலாறு

கணினிப் புலனாய்வு வல்லுநர்களின் பன்னாட்டுச் சங்கம், ஐஏசிஐஎஸ் என்ற எழுத்துச் சுருக்கத்தால் அறியப்படும் அமைப்பு. குற்ற வழக்குகளில் கைப்பற்றப்படும் கணினிகள், கைபேசிகள், சேமிப்புக் கருவிகள் ஆகியவற்றை ஆராயும் எண்மத் தடயவியலாளர்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் வழங்கும் இலாப நோக்கற்ற சங்கம் இது. இதன் முதல் பயிற்சி வகுப்பு 1990இல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்திலுள்ள போர்ட்லாந்து நகரில் நடைபெற்றது. இயக்குநர்கள், பயிற்றுநர்கள், தேர்வுகளை மதிப்பிடுவோர் என இதன் முதன்மைப் பொறுப்புகளை ஏற்பவர்கள் தன்னார்வலர்கள். பகலில் காவல்துறையிலோ ஆய்வகத்திலோ பணியாற்றிவிட்டு, எஞ்சிய நேரத்தில் வேறொரு ஊரில் இருக்கும் ஒருவரின் ஆய்வறிக்கையைப் படித்துப் பிழை சுட்டுபவர்கள். ஒருவர் சிறைக்குச் செல்வதா வீட்டுக்குச் செல்வதா என்பதை முடிவு செய்யும் சான்றுகளின் தரம் பல ஆண்டுகளாக இத்தகையோரின் ஓய்வு நேரத்தை நம்பி இருந்து வந்துள்ளது. இத்துறைக்கு வெளியே இதை அறிந்தவர்கள் குறைவு.

தோற்றச் சூழல்

1981இல் ஐபிஎம் நிறுவனத்தின் தனிக்கணினி சந்தைக்கு வந்தது. சில ஆண்டுகளில் போதைப்பொருள் விற்பவரின் கணக்கும், வரி ஏய்ப்பவரின் இரண்டாம் பேரேடும் தாளிலிருந்து வட்டுக்கு மாறின. அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறையான எஃப்பிஐ 1984இல் காந்த ஊடகங்களை ஆராய ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அதுவே பின்னர் கணினிப் பகுப்பாய்வுக் குழுவாக வளர்ந்தது. வரித்துறையின் குற்றப் பிரிவும் தன் அலுவலர்களுக்குப் பயிற்சி அளித்தது. ஆனால் மாவட்டக் காவல் அலுவலகங்களிலும் சிறு நகரக் காவல் நிலையங்களிலும் நிலைமை வேறு. அங்கே "கணினி தெரிந்தவர்" என்றால் வீட்டில் சொந்தச் செலவில் ஒரு கணினி வாங்கி வைத்திருந்த ஏதோ ஓர் அதிகாரி என்றே பொருள். கைப்பற்றப்பட்ட பெட்டி அவருடைய மேசைக்கு வந்து சேரும். 1982இல் வெளிவந்த நார்ட்டன் யுடிலிட்டிஸ் போன்ற பொதுப் பயன்பாட்டு மென்பொருள்களே அவருடைய ஆய்வுக் கருவிகள். அழிந்துபோன கடிதத்தை மீட்க விரும்பும் அலுவலக எழுத்தருக்காக உருவாக்கப்பட்ட கருவி, கொலை வழக்கிலும் பயன்பட்டது.

இவ்வாறு தனித்தனியே திணறிக்கொண்டிருந்தவர்கள் ஒருவரையொருவர் தேடிக்கொண்டதே இத்துறைச் சங்கங்களின் தொடக்கம். 1986இல் கலிபோர்னியாவில் உயர் தொழில்நுட்பக் குற்றப் புலனாய்வுச் சங்கம் தோன்றியது. நான்கு ஆண்டுகளுக்குப் பின் ஐஏசிஐஎஸ் உருவானது. முன்னதில் அறிமுகமும் தகவல் பரிமாற்றமும் முதன்மை பெற்றன. பின்னது பயிற்சியையும் தேர்வையும் மையமாகக் கொண்டது.

1990ஆம் ஆண்டுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. அவ்வாண்டு மார்ச் 1 அன்று, டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில், ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் என்ற விளையாட்டுப் பதிப்பு நிறுவனத்தில் அமெரிக்க இரகசியச் சேவை சோதனை நடத்தியது. கணினிகளோடு, அச்சுக்குச் செல்லவிருந்த ஒரு நூலின் கோப்புகளும், அறிவிப்புப் பலகை அமைப்பில் இருந்த படிக்கப்படாத 162 மின்னஞ்சல்களும் எடுத்துச் செல்லப்பட்டன. நிறுவனத்தின் மீது குற்றச்சாட்டு எதுவும் பதிவாகவில்லை. அதற்குள் பணியாளர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் வேலை இழந்திருந்தனர். 1993இல் கூட்டாட்சி நீதிமன்றம் இரகசியச் சேவையைக் கண்டித்து 50,000 டாலருக்கும் மேல் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. கணினியை எடுத்துச் செல்வது எளிது. அதில் எது வழக்குக்கு உரியது, எதைத் தொடக்கூடாது, எதைப் படியெடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம் என்று அறிந்த அலுவலர்கள் அன்று மிகக் குறைவு. போர்ட்லாந்தில் கூடியவர்கள் இந்த வழக்கை முன்னிட்டுக் கூடவில்லை. ஆனால் அவர்கள் தீர்க்க முயன்ற குறை இதுவே.

கற்பிக்கப்பட்டவை

தொடக்கக் காலப் பயிற்சியின் அடிப்படை, கருவியை நம்பாமல் வட்டை நேரடியாகப் படிப்பது. எம்எஸ்-டாஸ் இயக்குதளத்தில் ஒரு கோப்பை அழித்தால் அதன் உள்ளடக்கம் உடனே மறைவதில்லை. கோப்பகப் பதிவில் பெயரின் முதல் எழுத்து மட்டும் பதினாறடிமான எண்ணான இ5 ஆக மாற்றப்படும். அந்த இடம் காலியாக உள்ளதென அட்டவணையில் குறிக்கப்படும். வேறு கோப்பு வந்து அமரும் வரை பழைய தரவு அங்கேயே கிடக்கும். இதை அறிந்தவர் அழிக்கப்பட்ட கோப்பைக் கையாலேயே மீட்க முடியும். இன்னும் முக்கியமாக, அது எப்படி மீண்டது என்று நடுவர் குழுவுக்கு எளிய சொற்களில் விளக்க முடியும்.

இரண்டாவது பாடம் எதையும் மாற்றாதிருப்பது. சந்தேகத்துக்குரிய கணினியை இயல்பாக இயக்கினாலே அதன் இயக்குதளம் சில கோப்புகளைத் தொடும், நேர முத்திரைகள் மாறும். எனவே வன்தட்டைத் தொடாதவாறு திருத்தப்பட்ட தொடக்கக் கோப்புகளைக் கொண்ட பிளாப்பி வட்டுகளை ஆய்வாளர்கள் தாமே தயாரித்துக்கொண்டனர். எழுதுதலைத் தடுக்கும் வன்பொருள் கருவிகள் பின்னாளில் பரவின. அசலுக்கும் படிக்கும் வேறுபாடில்லை என்பதைக் காட்ட, 1990களில் உருவான எம்டி5, ஷா-1 போன்ற கணிப்பு முறைகள் வழக்கத்துக்கு வந்தன. அதற்கு முன்பு ஆய்வாளரின் குறிப்பேடும் நாணயமுமே பெருமளவு உத்தரவாதம்.

இந்தப் பாடங்களுக்கு ஆயத்த நூல் இல்லை, கற்பிக்கப் பல்கலைக்கழகத் துறையும் இல்லை. நேற்று ஒரு வழக்கில் தடுமாறிக் கற்றவர் இன்று வகுப்பில் அதைச் சொன்னார். தன்னார்வத் தலைமை இச்சங்கத்தில் ஒரு கொள்கையாகத் தொடங்கியது என்பதைவிட, வேறு யாரும் இல்லாததால் அமைந்தது என்பதே பொருத்தம். அது பின்னர் அடையாளமாகவே மாறியது.

சான்றிதழும் சக மதிப்பாய்வும்

சங்கத்தின் முதன்மைச் சான்றிதழ் "சான்றளிக்கப்பட்ட தடயவியல் கணினி ஆய்வாளர்" என்பது. சுருக்கமாக சிஎஃப்சிஇ. இதற்கு இரண்டு கட்டங்கள். முதலாவது சக மதிப்பாய்வு. விண்ணப்பதாரருக்கு நான்கு செய்முறைச் சிக்கல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வழங்கப்படும். ஒவ்வொன்றையும் தீர்த்து அறிக்கை எழுத வேண்டும். ஏற்கெனவே சான்றிதழ் பெற்ற ஒருவர் வழிகாட்டியாக நியமிக்கப்படுவார். அவர் விடையைச் சொல்லமாட்டார். "இந்த முடிவுக்கு எப்படி வந்தீர்கள்?", "இந்த நேரம் எந்த நேர மண்டலத்துக்கு உரியது?" என்ற வகையில் கேள்வி எழுப்பி அறிக்கையைத் திருப்பி அனுப்புவார். விண்ணப்பதாரர் திருத்தி மீண்டும் அனுப்புவார். இரண்டாம் கட்டத்தில் வழிகாட்டி இல்லை. ஒரு வன்தட்டுப் படியைத் தனியே ஆராயும் செய்முறைத் தேர்வும், எழுத்துத் தேர்வும் உண்டு. பிறர் உதவி இல்லாமல் முடிக்க வேண்டும்.

சங்கத்தின் உயிர்நாடி முதல் கட்டமே என்று சொல்லலாம். வழிகாட்டிக்கும் விண்ணப்பதாரருக்கும் நடக்கும் இந்தக் கடிதப் போக்குவரத்து, பழைய கைவினைத் தொழில்களில் ஆசானுக்கும் மாணவனுக்கும் இருந்த உறவை ஒத்தது. ஓர் அறிக்கையைப் பொறுமையாகப் படித்து, குறை சொல்லி, ஊக்கமும் குலையாமல் திருப்பி அனுப்ப மணிக்கணக்கில் நேரம் ஆகும். இதைப் பணம் கொடுத்துச் செய்வித்திருந்தால் சான்றிதழின் கட்டணம் சிறு காவல் நிலையங்களுக்கு எட்டாத உயரத்துக்குப் போயிருக்கும்.

வணிக நிறுவனங்கள் வழங்கும் சான்றிதழ்களோடு ஒப்பிட்டால் வேறுபாடு புரியும். என்கேஸ் மென்பொருளைத் தயாரித்த கைடன்ஸ் சாஃப்ட்வேர், எஃப்டிகே மென்பொருளைத் தயாரித்த ஆக்சஸ்டேட்டா ஆகியவை தத்தம் கருவிகளைக் கையாளும் திறனுக்குச் சான்றளித்தன. அவை பயனற்றவை அல்ல. ஆனால் கைடன்ஸ் 2017இல் ஓப்பன்டெக்ஸ்ட் நிறுவனத்திடமும், ஆக்சஸ்டேட்டா 2020இல் எக்ஸ்டெரோ நிறுவனத்திடமும் சென்றன. கருவியின் உரிமையாளர் மாறும்போது சான்றிதழின் உரிமையாளரும் மாறிவிடுகிறார். எந்தக் கருவியையும் சாராத சிஎஃப்சிஇ சான்றிதழ் அந்தக் கைமாற்றத்துக்கு ஆட்படவில்லை.

நார்விச் வழக்கு

திறனற்ற ஆய்வு என்ன செய்யும் என்பதற்குக் கனெக்டிகட் மாநிலத்தின் நார்விச் நகரில் நடந்த வழக்கு இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது. 2004 அக்டோபரில் ஒரு நடுநிலைப் பள்ளி வகுப்பறையில், மாற்று ஆசிரியை ஒருவர் பொறுப்பில் இருந்தபோது, கணினித் திரையில் ஆபாசப் படங்கள் அடுத்தடுத்துத் தோன்றின. மாணவர்கள் பார்த்துவிட்டனர். 2007 ஜனவரியில் அவர் குற்றவாளி எனத் தீர்ப்பானது. அதிகபட்சமாக 40 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை கிடைத்திருக்கலாம்.

அக்கணினியில் விண்டோஸ் 98 இயங்கியது. பள்ளியின் இணைய வடிகட்டி காலாவதியாகியிருந்தது. வட்டில் தீநிரல் உள்ளதா என்று காவல்துறைத் தரப்பு சோதிக்கவே இல்லை. ஒரு பக்கத்தில் சிவப்பாகத் தெரிந்த இணைப்பு, அவர் அதைச் சொடுக்கியதற்கு அடையாளமாகக் காட்டப்பட்டது. தீர்ப்புக்குப் பின் நாட்டின் பல பகுதிகளைச் சேர்ந்த தடயவியலாளர்களும் பாதுகாப்பு வல்லுநர்களும் ஊதியமின்றி அந்த வட்டின் படியை ஆராய்ந்தனர். சிவப்பு நிறம் அப்பக்கத்தின் நிரலிலேயே இடப்பட்டிருந்தது தெரியவந்தது. கணினியில் உளவு நிரல் இருந்ததும் தெரியவந்தது. 2007 ஜூனில் நீதிமன்றம் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. 2008 நவம்பரில், அவர் ஒரு சிறு குற்றத்தை ஒப்புக்கொண்டு 100 டாலர் அபராதம் செலுத்தி, ஆசிரியர் உரிமத்தையும் கைவிட்டதோடு வழக்கு முடிந்தது. இதை வெற்றி என்று சொல்ல எவருக்கும் மனம் வராது.

வட்டை மறு ஆய்வு செய்தவர்கள் ஐஏசிஐஎஸ் சார்பில் இயங்கியவர்கள் அல்லர். எனினும் இந்த வழக்கு சங்கங்களின் முன் ஒரு கேள்வியை வைத்தது. வழிகாட்டி ஒருவர் கேட்டிருக்கக்கூடிய ஒரே கேள்வி, "அந்த நிறம் எங்கிருந்து வந்தது?" என்பது, தொடக்கத்திலேயே கேட்கப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

யாருக்கான சங்கம்

ஐஏசிஐஎஸ் தொடக்கத்தில் காவல், புலனாய்வுத் துறையினருக்கு மட்டுமே உரியதாக இருந்தது. அதற்குக் காரணம் இருந்தது. புலனாய்வு முறைகள் வெளியே கசியக்கூடாது என்ற அச்சமும், குழந்தைகளுக்கு எதிரான குற்றங்கள் தொடர்பான பொருள்களைக் கையாள்வோர் பின்னணி சோதிக்கப்பட்டவராக இருக்க வேண்டும் என்ற தேவையும் உண்மையானவை. உயர் தொழில்நுட்பக் குற்றப் புலனாய்வுச் சங்கம் இன்னும் ஒருபடி மேலே சென்று, உறுப்பினர்கள் குற்ற வழக்குகளில் எதிர்தரப்புக்காகப் பணியாற்றுவதை நெடுங்காலம் தடைசெய்திருந்தது.

ஆனால் இந்த வேலிக்கு ஒரு விலை உண்டு. ஒரு தரப்பின் ஆய்வாளர்கள் மட்டுமே ஒருவரையொருவர் மதிப்பிடும்போது, எதிர்தரப்பு என்ன கேட்கும் என்பது அவர்களுக்குத் தோன்றாமல் போகலாம். அரசுத் தரப்புக்கு வெளியே இருந்தவர்கள் தனிச் சான்றிதழ்களை உருவாக்கிக்கொண்டனர். பின்னாளில் ஐஏசிஐஎஸ் தன் கதவை அகலத் திறந்தது. பின்னணிச் சோதனைக்கு உட்பட்டுத் தனியார் துறையினரும் உறுப்பினராகவும் தேர்வு எழுதவும் இயன்றது. இம்மாற்றம் தாமதமாக வந்தது என்பதில் ஐயமில்லை.

வெளியிலிருந்தும் அழுத்தம் வந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1993ஆம் ஆண்டு டௌபர்ட் தீர்ப்பு, அறிவியல் சாட்சியம் சோதிக்கப்பட்டதா, சக அறிஞர்களால் மதிப்பிடப்பட்டதா, அதன் பிழை விகிதம் என்ன என்று கேட்கச் சொன்னது. 2009இல் அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழு வெளியிட்ட தடயவியல் அறிக்கை இன்னும் கடுமையானது. எண்மச் சான்றுகளை ஆராய்வோருக்கு அனைவரும் ஏற்ற சான்றிதழ் முறையோ தகுதிப் பட்டியலோ இல்லை என்றும், சில அமைப்புகள் இதைத் தடயவியலாகக் கருதாமல் புலனாய்வுப் பணியாகவே நடத்துகின்றன என்றும் அது குறிப்பிட்டது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இரவு விழித்து அறிக்கைகள் திருத்தியவர்களுக்கு இது கசப்பாக இருந்திருக்கும். ஆயினும் கூற்று சரியானதே. நல்ல சான்றிதழ் ஒன்று இருப்பதும், அது எல்லோருக்கும் கட்டாயம் என்பதும் ஒன்றல்ல. தன்னார்வச் சங்கம் முதலாவதைச் செய்யலாம், இரண்டாவதற்குச் சட்டம் வேண்டும். சிஎஃப்சிஇ பின்னர் தடயவியல் சிறப்புத்துறைகள் அங்கீகார வாரியத்தின் ஏற்பைப் பெற்றது.

தன்னார்வத்தின் சுமை

இயக்குநர்களை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கின்றனர். ஒவ்வோராண்டும் இளவேனிற் காலத்தில் புளோரிடா மாநிலத்தின் ஒர்லாண்டோ பகுதியில் நடக்கும் பயிற்சி நிகழ்வே சங்கத்தின் பெருவிழா. அடிப்படை வகுப்பு மட்டும் இரண்டு வாரம் நீடிக்கும். அதில் கற்பிப்பவர்கள் தம் அலுவலகத்தின் இசைவைப் பெற்றோ விடுப்பெடுத்தோ வருகின்றனர். அலுவலகத்தில் குவிந்திருக்கும் வட்டுகளும் கைபேசிகளும் அவர்கள் திரும்பும் வரை காத்திருக்கும். எண்ம ஆய்வகங்களில் வழக்குத் தேக்கம் எங்கும் உள்ள சிக்கல். இந்தச் சூழலில் ஓர் அதிகாரியை இரண்டு வாரம் அனுப்ப மேலதிகாரி தயங்குவது இயல்பே. அதோடு, கொடுமையான படங்களையும் காணொளிகளையும் பகல் முழுவதும் பார்ப்பவர் மாலையிலும் அதே துறை சார்ந்த வேலையைத் தொடர்வது எளிதன்று.

சான்றிதழைத் தக்கவைக்க மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தொடர்கல்வியும் திறன் தேர்வும் தேவை. இதில் பயிற்றுநருக்கும் இயக்குநருக்கும் விலக்கு இல்லை. 1990இல் ஆய்வாளரின் மேசைக்கு வந்த வன்தட்டுகள் பெரும்பாலும் சில பத்து மெகாபைட் அளவுள்ளவை.  இன்று வருபவை நூற்றுக்கணக்கான ஜிகாபைட் கொண்ட, மறையாக்கம் செய்யப்பட்ட கைபேசிகள். பாடத்திட்டத்தில் கைபேசி, நினைவகம், மேகச் சேமிப்பு ஆகியவை சேர்ந்துவிட்டன. புதிதாக வரும் மாணவர் முதலில் கற்பது இன்னும் வட்டின் கட்டமைப்பையும், அழிக்கப்பட்ட கோப்பின் பெயரில் முதல் எழுத்து இருந்த இடத்தையும்தான்.