கம்பளத்தைத் திருப்பிப் பாருங்கள்

காசிக்கு மாற்றலாகி வந்த முதல் வருஷமே ஏமாந்தேன். ஹாலுக்கு ஒரு கம்பளம் வேண்டும் என்றாள் மனைவி. ஒரு கடையில் "கையால் செய்தது சாப்" என்று சொல்லி ஆறடிக்கு ஒன்பதடியில் ஒன்றைத் தலையில் கட்டிவிட்டார்கள். பி.காம். படித்து, இருபது வருஷமாக வங்கியில் குப்பை கொட்டுகிறவன் நான். பேரம் பேசி விலையைக் குறைத்த பெருமையோடு வீட்டுக்கு வந்தேன். மூன்றே மாதத்தில் வீடு முழுக்கப் பஞ்சு பஞ்சாக மயிர். வேலைக்கு வரும் அம்மா துடைப்பமும் கையுமாக என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

அப்புறம்தான் வேலை விஷயமாக பதோஹி பக்கம் போக ஆரம்பித்தேன். காசியிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர். ஏற்றுமதியாளர்களுக்குக் கடன் கொடுத்திருப்பதால் அவர்களுடைய கிடங்கில் சரக்கை எண்ணிப் பார்க்க வேண்டும். அப்படிப் போன ஒரு நாள், பக்கத்துக் கிராமத்தில் தறி போட்டிருந்த ஒரு பெரியவரிடம் என் கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டு ஒன்றுதான் கேட்டார். "திருப்பிப் பார்த்தீங்களா சாப்?"

பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பின்னால் ஒட்டியிருந்த துணி தெரிந்திருக்கும். துப்பாக்கி போன்ற ஒரு கருவியால் நூலைத் துணிக்குள் குத்தி, பின்னால் ரப்பர் பசை தடவி, மேலே இன்னொரு துணியை ஒட்டிவிடுகிறார்கள். அந்தக் கருவியைப் பிடிப்பதும் கைதான், ஆகவே கடைக்காரர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை! முடிச்சுப் போட்டு நெய்த கம்பளம் வேறு ஜாதி. முன்பக்கத்துப் பூவேலை பின்பக்கத்திலும் அப்படியே தெரியும். ஒவ்வொரு முடிச்சையும் எண்ணலாம்.

நம்மூர் பவானி ஜமக்காளம் எல்லோருக்கும் தெரியும். பாவு நூலுக்குள் ஊடை நூல் குறுக்கே போய் வருகிறது, அவ்வளவுதான். முடிச்சு கிடையாது. இங்கே பருத்தி நூலில் பாவு கட்டிவிட்டு, இரண்டு பாவு இழைகளைச் சேர்த்துக் கம்பளி நூலைச் சுற்றி, இழுத்து, கத்தியால் வெட்டுகிறார்கள். அது ஒரு முடிச்சு. அடுத்தது, அதற்கடுத்தது. ஒரு வரிசை முடிந்ததும் ஊடையைக் கோர்த்து, 'பஞ்சா' என்ற இரும்புச் சீப்பால் இறுக அடிக்கிறார்கள். எந்த இடத்தில் எந்த நிறம் என்பதைக் கட்டம் போட்ட தாளில் வரைந்த 'நக்ஷா' சொல்லும். காஷ்மீரில் படத்துக்குப் பதிலாக 'தாலிம்' என்ற குறியீட்டு எழுத்து. அதை ஒருவர் ராகம் போட்டு வாசிக்க வாசிக்க மற்றவர்கள் முடிச்சுப் போடுவார்களாம். நெய்து இறக்கிய பிறகும் வேலை முடியாது. மேல்மயிரைச் சமமாகக் கத்தரித்து, அலசி, விறைப்பாக இழுத்துக் காயவைத்து, ஓரம் கட்ட வேண்டும்.

இந்த வேலை இங்கே வந்த கதையைக் கேட்டால், அக்பர் காலத்தில் பாரசீக நெசவாளி ஒருவர் வழிப்பறிக்காரர்களிடமிருந்து தப்பி இந்த ஊர்ப்பக்கம் அடைக்கலம் வந்தார் என்று சொல்வார்கள். அது ஊர் வழக்கு. ஆனால் அக்பர் ஆக்ரா, ஃபதேபூர் சிக்ரி, லாகூரில் கம்பளப் பட்டறைகள் வைத்திருந்ததை அபுல் ஃபஸல் தன் 'அயினி அக்பரி'யில் எழுதி வைத்திருக்கிறார். 1630களில் லாகூரில் நெய்த ஒரு கம்பளம் லண்டனில் கர்டிலர்ஸ் என்ற வணிகர் சங்கத்திடம் போய்ச் சேர்ந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியைச் சேர்ந்த ராபர்ட் பெல் அதைச் சொல்லிச் செய்வித்தார். ஆக, ஏற்றுமதி ஆர்டர் என்பது நேற்று வந்த சமாச்சாரம் இல்லை.

மொகலாயர் தளர்ந்ததும் பட்டறைகளும் தளர்ந்தன. 1851ல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சி இந்தியக் கம்பளத்துக்கு மறுபடி சந்தையைத் திறந்தது. வெள்ளைக்காரர்கள் மிர்சாபூர் பக்கம் கடை விரித்தார்கள். காஷ்மீரில் 1870களில் சால்வை வியாபாரம் படுத்தபோது, சால்வை நெய்தவர்கள் பலர் கம்பளத்துக்கு மாறினார்கள். இன்னொரு இடமும் உண்டு. நான் எதிர்பார்க்காத இடம், சிறைச்சாலை! ஆக்ரா, லாகூர், எரவாடா, பிகானேர் என்று பல சிறைகளில் கைதிகளை உட்காரவைத்து நெய்தார்கள். ஆக்ரா சிறையில் விக்டோரியா மகாராணிக்காக நெய்த பிரம்மாண்டமான கம்பளம் இன்றும் வின்ட்சர் கோட்டையில் கிடக்கிறது. 1992ல் கோட்டை தீப்பற்றியபோது அதைச் சுருட்டி வெளியே கொண்டுவரச் சுமார் 50 சிப்பாய்கள் வேண்டியிருந்தது. நெய்தவர்கள் பெயர் ஒன்றாவது நமக்குத் தெரியுமா?

கொஞ்சம் கணக்குப் போடலாம், தொழில் தோஷம். 2023ல் திறந்த புதிய நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளிலும் பதோஹி, மிர்சாபூர் நெசவாளர்களின் கம்பளம்தான். மக்களவைக்கு 158 துண்டுகள், மாநிலங்களவைக்கு 156. நெய்தவர்கள் 900 பேர், ஆன நேரம் 10 லட்சம் மனித மணி, போட்ட முடிச்சு 60 கோடி என்று அப்போது செய்தி வந்தது. வகுத்துப் பார்த்தால் மணிக்கு 600 முடிச்சு. ஆறு விநாடிக்கு ஒன்று. சதுர அங்குலத்துக்கு 120 முடிச்சு. அதே நெருக்கத்தில் என் வீட்டு அளவுக்கு, அதாவது 54 சதுர அடிக்கு ஒன்று நெய்தால் 9,33,120 முடிச்சு வேண்டும். ஒருவர் தினம் எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் 194 நாள். மூன்று பேர் சேர்ந்து உட்கார்ந்தால் இரண்டு மாதத்துக்கு மேல். நான் கொடுத்த விலைக்கு அது எப்படிக் கிடைக்கும்? பேரம் பேசும்போது இந்தக் கணக்கு எனக்குத் தோன்றவே இல்லை.

பெரியவரிடம், எத்தனை வயதில் தறியில் உட்கார்ந்தீர்கள் என்று கேட்டேன். "எட்டோ ஒன்பதோ. சின்ன விரல்தான் நல்ல முடிச்சுப் போடும்னு சொல்வாங்க."

எனக்குச் சுருக்கென்றது. நான் கோவில்பட்டிக்காரன். இதே வசனத்தைத் தீப்பெட்டிக்குக் கேட்டு வளர்ந்தவன். விடியுமுன் பஸ் வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். என்னோடு மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தவன் நாலாம் வகுப்பில் இல்லை. சின்ன விரல் சுறுசுறுப்பாக அடுக்கும் என்று பெரியவர்கள் சொன்னார்கள், நாங்களும் நம்பினோம். 1986ல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் தடைப் பட்டியலில் கம்பள நெசவும் தீப்பெட்டித் தொழிலும் இரண்டுமே உண்டு. 1996ல் சிவகாசி வழக்கில் உச்ச நீதிமன்றம், பிள்ளைகளை அபாயத் தொழிலில் வைத்திருக்கும் முதலாளி பிள்ளைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அடுத்த வருஷமே இந்த உத்தரப் பிரதேசக் கம்பளத் தறிகளைப் பற்றியும் தீர்ப்பு வந்தது. பதோஹிக்கும் சிவகாசிக்கும் இப்படி ஒரு சொந்தம்.

அந்தச் சின்ன விரல் கதை நிஜமா என்று 1990களில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்புக்காகவே ஆய்வு செய்தார்கள். மிக நெருக்கமான முடிச்சு உள்ள உயர்ந்த கம்பளங்கள் பலவற்றைப் பெரியவர்களே நெய்கிறார்கள், பிள்ளைகளுக்கென்று தனித் திறமை எதுவும் இல்லை என்று முடிவு வந்தது. பிள்ளையின் கூலி குறைவு, எதிர்த்துப் பேச மாட்டான். விஷயம் அவ்வளவுதான். 1994ல் கைலாஷ் சத்யார்த்தி முன்னின்று தொடங்கிய 'ரக்மார்க்' முத்திரை, 2009 முதல் 'குட்வீவ்' என்ற பெயரில் இருக்கிறது. 2014ல் அவருக்கு நோபல் கிடைத்தது. நிலைமை ரொம்ப மாறியிருக்கிறது. ஆனாலும் 2016ல் சட்டத்தைத் திருத்தியபோது, பள்ளி நேரம் போக, அபாயமில்லாத வீட்டுத் தொழிலில் பிள்ளை உதவலாம் என்று ஒரு சந்து விட்டார்கள்.

பெரியவரின் இரண்டு மகன்களும் சூரத்தில் வேலை பார்க்கிறார்கள். "ஏன், நெசவு பிடிக்கலையா?" என்றேன். "பிடிக்கும் சாப். கட்டுப்படியாகலை" என்றார். இங்கே சதுர கெஜத்துக்கு இவ்வளவு என்றுதான் கூலி. வேலை மெதுவாகப் போனாலும், நூல் வரத் தாமதமானாலும் நஷ்டம் அவருக்கே. பிள்ளைகளை உட்காரவைக்காவிட்டால் இந்தக் கலை அழிந்துவிடும் என்று இங்கே சிலர் இன்னமும் சொல்கிறார்கள். நான் பார்த்தவரை, பெரியவர்களுக்கு ஒழுங்கான கூலி இல்லாததால்தான் தறிகள் காலியாகின்றன. 2010ல் பதோஹி கம்பளத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, 9 மாவட்டங்கள் அதில் அடக்கம். பெயருக்குக் காப்பு கிடைத்தாயிற்று. முடிச்சுப் போடுகிறவருக்கு?

வங்கிக்காரனாக எனக்கும் ஒரு குற்ற உணர்வு உண்டு. நான் எண்ணிக் கையெழுத்துப் போடும் சரக்குப் பட்டியலில் நூல் இருக்கும், சாயம் இருக்கும், முடிந்த கம்பளம் இருக்கும். அந்தப் பெரியவர் எந்தக் கட்டத்திலும் இருக்க மாட்டார். தறிக்கொட்டகைக் கூரைக்கு அவர் கேட்ட சின்னக் கடனுக்கு, காகிதம் போதவில்லை என்று முதல் தடவை திருப்பி அனுப்பியதும் நான்தான். இரண்டாம் தடவை நானே அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினேன். ஒரு தவணை தவறவில்லை. பேத்தி பத்தாம் வகுப்பு படிக்கிறாள். அவள் தறிப் பக்கம் வந்தால் விரட்டுகிறார்.

காசிக்கு வரும் நம்மவர்கள் பட்டோடு கம்பளமும் பார்ப்பதுண்டு. வாங்குங்கள், தப்பில்லை. ஒரு மூலையைத் திருப்பி, துணி ஒட்டியிருக்கிறதா, முடிச்சுத் தெரிகிறதா என்று பாருங்கள். ஒரு அங்குலத்துக்கு எத்தனை என்று எண்ணுங்கள். குட்வீவ் முத்திரை உண்டா என்று கேளுங்கள். கேட்டால் கடைக்காரர் முகம் சுளிக்கலாம், பரவாயில்லை. விலை ரொம்ப மலிவாக இருந்தால், அந்தக் குறைந்த காசை வேறு யாரோ கட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

என் வீட்டுப் பசைக் கம்பளம் இன்னும் ஹாலில்தான் கிடக்கிறது. யாராவது அழகாக இருக்கிறது என்றால், மூலையைத் திருப்பிக் காட்டி இந்தக் கதையைச் சொல்கிறேன். மனைவிக்குக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. இப்போது உங்களுக்கும் சொல்லியாயிற்று!