மலையேறிய சங்கிலி

மோட்டார் சைக்கிளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் எஞ்சினின் வரலாற்றையே எழுதுகின்றனர். எஞ்சினில் பிறக்கும் விசை பின்சக்கரத்தை எவ்வழியே சென்றடைந்தது என்னும் கேள்வி அடிக்குறிப்பாகவே நின்றுவிடுகிறது. ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளில் வண்டி செய்வோரை இருபுறமாகப் பிரித்த வழக்கு அதுவே: வார்ப்பட்டையா, சங்கிலியா?

சங்கிலி புதிதன்று. சுவிட்சர்லாந்தில் பிறந்து மான்செஸ்டரில் குடியேறிய ஹான்ஸ் ரெனால்ட், நெசவாலை எந்திரங்களுக்குச் சங்கிலி செய்யும் சிறு பட்டறை ஒன்றை 1879இல் வாங்கினார். மெல்லிய ஊசிகள் விரைவில் தேய்வதைக் கண்டு, ஊசியின்மேல் ஒரு குழலையும் அதன்மேல் சுழலும் உருளையையும் பொருத்தினார். 1880இல் உருவான அவ்வமைப்பே இன்றும் நம் வண்டிகளில் ஓடுகிறது. (பழந்தமிழில் சங்கிலிக்குத் 'தொடர்' என்று பெயர். கண்ணிகள் ஒன்றையொன்று தொடரும் இப்பொருளுக்கு அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.)

இத்தகைய சங்கிலி கைவசமிருந்தும் பிரிட்டனில் பலர் வார்ப்பட்டையை விடாததற்குக் காரணம் உண்டு. ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் விட்டுவிட்டு உதைக்கும். வார் சற்றே வழுக்கி அவ்வுதையைத் தாங்கிக்கொள்ளும். சங்கிலியோ அதை அப்படியே சக்கரத்துக்குக் கடத்தும். ஆனால் மழையில் நனைந்தாலோ செங்குத்தான மேட்டைக் கண்டாலோ அதே வழுக்கல் வினையாகிவிடும். ஓட்டுநர் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

1911இல் மான் தீவின் டி.டி. பந்தயம் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் சுற்றளவுள்ள மலைப்பாதைக்கு மாற்றப்பட்டது. ஸ்னேஃபெல் மலைச்சரிவில் அப்பாதை 400 மீட்டருக்கு மேல் ஏறுகிறது. ஒரே வேகப்பல் கொண்ட வண்டிகளுக்கு அது கடும் சோதனை. பயிற்சியின்போதே விக்டர் சரிட்ஜ் என்னும் ஓட்டுநர் உயிரிழந்தார். அப்பந்தயத்தின் முதல் பலி அவர். சீனியர் பிரிவில் முழுச் சங்கிலி இயக்கமும் இருவேகப் பல்லிணைப்பும் கொண்ட அமெரிக்க 'இந்தியன்' வண்டிகள் முதல் மூன்று இடங்களையும் பிடித்தன. காட்ஃப்ரே, ஃபிராங்க்ளின், மூர்ஹவுஸ் என்பது வரிசை. இங்கே ஒன்றை மறைத்தல் கூடாது. இரண்டாவதாக வந்தவர் உண்மையில் மேட்ச்லெஸ் வண்டியில் சென்ற சார்லி காலியர். விதிக்குப் புறம்பாக எரிபொருள் நிரப்பியதாக அவர் நீக்கப்பட்டார். ஆகவே முழுவெற்றி என்று பின்னாளில் பேசப்பட்டதில் நடுவர் தீர்ப்புக்கும் பங்குண்டு. அடுத்த ஆண்டு சங்கிலி பூட்டிய ஸ்காட் வென்றது. 1914இலோ வார்ப்பட்டை கொண்ட ரட்ஜ் வென்றது. வழக்கு ஒரே நாளில் முடிந்துவிடவில்லை.

முதல் உலகப் போரில் புகழ்பெற்ற டிரையம்ஃபின் 'எச்' வண்டியிலும் பின்சக்கரத்துக்கு வாரே சென்றது. 1920இல்தான் அந்நிறுவனம், உதையைத் தாங்கும் சுருள்வில்லோடு கூடிய முழுச் சங்கிலி வண்டியை வெளியிட்டது. வாரின் மென்மையை வில்லிடம் ஒப்படைத்த பிறகே சங்கிலியை ஏற்க அவர்களுக்கு மனம் வந்தது என்று நான் கருதுகிறேன்.

சங்கிலியோடு ஓட்டுநரின் கைக்கு எண்கணிதமும் வந்து சேர்ந்தது. முன்னே 16, பின்னே 38 பற்கள் என்று கொள்வோம், விகிதம் 2.375. முன்பல்லை 17 ஆக்கினால் 2.235. ஏறத்தாழ 6 விழுக்காடு இறங்கும். அதே எஞ்சின் சுழற்சிக்கு வேகம் கூடும், மேட்டில் இழுவை குறையும். பின்னே இதே மாற்றத்தைப் பெற இரண்டு பற்களுக்கு மேல் குறைக்க வேண்டும். மெக்கானிக்குகள் முன் ஸ்பிராக்கெட்டில் முதலில் கைவைப்பது இதனால்தான். அதற்காக முன்பல்லை மிகச் சிறிதாக்கினால் சங்கிலி கூர்மையாக மடங்கித் தேய்வு மிகும். இன்னொரு நுட்பமும் உண்டு. சங்கிலியின் கண்ணிகள் வழக்கமாக இரட்டைப்படை எண்ணிக்கையில் இருக்கும். பற்களும் இரட்டைப்படையானால் ஒரு பல் எப்போதும் ஒரே வகைக் கண்ணியையே சந்திக்கும். ஒற்றைப்படையானால் உட்கண்ணி, வெளிக்கண்ணி என மாறிமாறிச் சந்திப்பதால் தேய்வு பரவலாகும்.

வார்ப்பட்டை மறைந்துவிடவில்லை. 1980இல் ஹார்லி டேவிட்சன் தன் 'ஸ்டர்ஜிஸ்' வண்டியில் அதை மீண்டும் பூட்டியது. இம்முறை வாரின் உட்புறத்தில் பற்கள் இருந்தன.