ஒரே நாளில் முடிந்த மேட்ச்சும் ஸ்கோர்கார்டில் இல்லாத சம்பளமும்

1/
நவம்பர் 4. தமிழ்நாடு கிரிக்கெட் டீமுக்கு இது பிறந்தநாள் மாதிரி. 1934-ல் இதே தேதியில் சேப்பாக்கத்தில் மெட்ராஸும் மைசூரும் மோதின. நாம இன்னைக்கு ரஞ்சி டிராபின்னு சொல்ற போட்டியோட முதல் மேட்ச் அதுதான்.

சிஎஸ்கே நியூஸ் தினமும் படிக்கிறோம். சிஎஸ்கே வர்றதுக்கு 74 வருஷம் முன்னாடி ஆரம்பிச்ச ஒரு டீமோட கதையை இன்னைக்குச் சொல்றேன். கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா படிங்க மக்களே.

2/
முதல்ல ஸ்கோர்.
மைசூர் 48 ஆல் அவுட்.
மெட்ராஸ் 130.
மைசூர் மறுபடியும் 59 ஆல் அவுட்.
மெட்ராஸ் இன்னிங்ஸ் மற்றும் 23 ரன்னில் வெற்றி.

காலையில ஆரம்பிச்ச மேட்ச் அன்னைக்கே முடிஞ்சு போச்சு! ஏ.ஜி. ராம் சிங் ரெண்டு இன்னிங்ஸ்லயும் சேர்த்து 35 ரன் கொடுத்து 11 விக்கெட். போட்டியோட முதல் பந்தைப் போட்டவர் எம்.ஜே. கோபாலன். இந்த ரெண்டு பேரையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

3/
ராம் சிங் மெட்ராஸ்லயே பிறந்து வளர்ந்த சீக்கியர். இடதுகை ஸ்பின்னர், நல்ல பேட்ஸ்மேனும் கூட. ஆனா இந்தியாவுக்காக ஒரு டெஸ்ட் கூட ஆட வாய்ப்பு கிடைக்கலை.

அந்தக் குறையைப் பிள்ளைகள் தீர்த்தாங்க. கிருபால் சிங், மில்கா சிங் (ஓட்டப்பந்தய வீரர் இல்ல, இவர் வேற) ரெண்டு பேருமே டெஸ்ட் ஆடினாங்க. கிருபால் 1955-ல் தன் முதல் டெஸ்ட்லயே நியூசிலாந்துக்கு எதிரா சதம் அடிச்சார். பேரன் கதை பின்னாடி வருது.

4/
கோபாலன் செங்கல்பட்டுப் பக்கத்துல பிறந்து திருவல்லிக்கேணியில வளர்ந்தவர். வேகப்பந்து வீச்சாளர். அவர் திறமையைக் கண்டுபிடிச்சவர் சி.பி. ஜான்ஸ்டன், அந்த முதல் மேட்ச்ல மெட்ராஸ் கேப்டன். அவர்தான் கோபாலனுக்கு பர்மா ஷெல் கம்பெனியில வேலை வாங்கிக் கொடுத்தார்.

பர்மா ஷெல் யாருன்னு நம்ம ஏரியா ஆளுங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. 1976-ல் அரசுடைமை ஆகி, அதுதான் இன்னைக்கு பாரத் பெட்ரோலியம்.

5/
ஒரு ஆட்டக்காரர் கதையில இந்த வேலை ஏன் முக்கியம்?

அந்தக் காலத்துல கிரிக்கெட் ஆடி வயித்தைக் கழுவ முடியாது. பாட்டியாலா, இந்தூர் மாதிரி சமஸ்தானங்கள்ல மகாராஜாக்கள் ஆட்டக்காரர்களுக்குப் பதவி கொடுத்து வச்சிருந்தாங்க. சி.கே. நாயுடு ஹோல்கர் சமஸ்தானப் படையில கர்னல்! மெட்ராஸ்ல அந்தப் பொறுப்பு கம்பெனிகள் கைக்கு வந்தது. மாசச் சம்பளம் இருந்தாதான் பையன் மைதானத்துக்கு வருவான்.

6/
கோபாலன் ஹாக்கியிலயும் இந்தியாவுக்கு ஆடினவர். 1935-ல் தியான் சந்தோட நியூசிலாந்து போய் ஆடிட்டு வந்தார். 1936-ல் ரெண்டு வாய்ப்பு முன்னாடி நின்னுச்சு. ஹாக்கின்னா பெர்லின் ஒலிம்பிக், கிரிக்கெட்னா இங்கிலாந்து டூர்.

அவர் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். இங்கிலாந்துல ஒரு டெஸ்ட்ல கூட இறக்கலை. அதே ஆகஸ்ட் 15-ல் பெர்லின்ல இந்தியா 8-1 என ஜெர்மனியை நொறுக்கித் தங்கம் வாங்குச்சு.

7/
அவர் வாழ்க்கையில ஆடினது ஒரே ஒரு டெஸ்ட், 1934 ஜனவரியில கல்கத்தாவுல. ஆனா பேர் நிலைச்சது. 1952-53-ல் ஆரம்பிச்ச மெட்ராஸ் - சிலோன் போட்டிக்கு கோபாலன் டிராபின்னே பேர் வச்சாங்க. இலங்கைக்கு டெஸ்ட் அந்தஸ்து கிடைச்சது 1981-ல். அதுக்கு முன்னாடி அந்த நாட்டு ஆட்டக்காரர்கள் நம்ம சேப்பாக்கத்துக்கு வந்து தங்களைச் சோதிச்சுப் பார்க்க அந்தப் போட்டி ஒரு வழியா இருந்தது.

8/
அடுத்த மைல்கல் 1954-55. பாலு அழகண்ணன் கேப்டன். இறுதிப் போட்டி இந்தூர்ல, ஹோல்கர் டீமோட சொந்த மண்ணுல. மெட்ராஸ் 46 ரன்னில் ஜெயிச்சு முதல் தடவையா ரஞ்சி கோப்பையைத் தூக்கினது.

கவனிங்க, மகாராஜா வளர்த்த டீமை, சம்பளத்துக்கு வேலை பார்த்த ஆளுங்க இருந்த டீம் ஜெயிக்குது. சமஸ்தானம் முன்னாடியே போயிடுச்சு. அந்த சீசனோட ஹோல்கர்ங்கிற டீம் பேரும் போயிடுச்சு.

9/
தோல்வியும் மைல்கல்தான். 1972-73 இறுதிப் போட்டி, சேப்பாக்கம். பம்பாய் 151, 113. தமிழ்நாடு 80, 61. பத்மாகர் சிவால்கர் 34 ரன் கொடுத்து 13 விக்கெட். மூணாவது நாள் முதல் பந்துலயே மேட்ச் முடிஞ்சது!

மறுபடி கோப்பை வந்தது 1988-ல். வாசுதேவன் தலைமையில ரயில்வேஸை அதே சேப்பாக்கத்துல தோற்கடிச்சோம். அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் ரஞ்சி கோப்பை நம்ம பக்கம் வரலை.

10/
பேரன் கதை. அடுத்த சீசன், 1988-89. கோவாவுக்கு எதிரா தமிழ்நாடு 6 விக்கெட்டுக்கு 912 டிக்ளேர். டபிள்யூ.வி. ராமன் 313. இன்னொரு முனையில 302 நாட் அவுட், அர்ஜன் கிருபால் சிங். 1934-ல் 11 விக்கெட் எடுத்த ராம் சிங்கோட பேரன். ஒரே இன்னிங்ஸ்ல ரெண்டு முச்சதம்.

11/
இப்ப நம்ம ஊருக்கு வருவோம். 1946-ல் திருவொற்றியூர்ல ஒரு ஷெட்டுல கே.எம். மாமன் மாப்பிள்ளை பொம்மை பலூன் செய்ய ஆரம்பிச்சார். அதுதான் எம்.ஆர்.எஃப். பின்னாடி டெண்டுல்கர், கோலி பேட்டுல ஒட்டியிருந்த அதே பேர். 1987-ல் அந்தக் கம்பெனி சென்னையில வேகப்பந்து பயிற்சி மையம் தொடங்கி, சொல்லிக் கொடுக்க ஆஸ்திரேலியாவோட டென்னிஸ் லில்லியைக் கூட்டிட்டு வந்தது. ஸ்ரீநாத், வெங்கடேஷ் பிரசாத், ஜாகீர் கான் எல்லாம் அங்க பயிற்சி எடுத்தவங்க.

12/
டாக்டரா எனக்கு அந்தத் தேர்வு ரொம்பப் பிடிக்கும். ஏன்னா லில்லி முதுகு உடைஞ்சு மீண்டு வந்தவர். 1973-ல் அவருக்கு இடுப்பு முதுகெலும்புல ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர்.

ஒரே அடியில உடையறது வேற. இது வேற. வேகப்பந்து போடும்போது முன்கால் தரையில இறங்குற ஒவ்வொரு தடவையும் உடம்பு எடையைப் போல பல மடங்கு சுமை ஏறும், முதுகும் முறுக்கிக்கிட்டு வளையும். ஆயிரக்கணக்கான பந்து போட்டா எலும்பு களைச்சுப்போய் விரிசல் விடும். மருந்து என்ன? ஓய்வு. மாசக்கணக்குல ஓய்வு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா பயிற்சி.

13/
அமெரிக்க பேஸ்பால்ல இருந்து ஒரு உதாரணம். லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் டீமோட பந்து வீசுறவர் டாமி ஜான். 1974-ல் அவருக்கு இடது முழங்கை லிகமெண்ட் கிழிஞ்சது. டாக்டர் ஃபிராங்க் ஜோப், அவரோட வலது முன்கையில இருந்து ஒரு தசைநாணை எடுத்து அந்த இடத்துல கட்டினார். இன்னைக்கும் அந்த ஆபரேஷனுக்கு டாமி ஜான் சர்ஜரின்னுதான் பேர்.

கட்டை விரலையும் சுண்டு விரலையும் சேர்த்து மணிக்கட்டை லேசா மடக்குங்க. நடுவுல கயிறு மாதிரி தெரியுதா? அதுதான் அந்த நாண். சிலருக்குப் பிறவியிலேயே இருக்காது, பயப்படாதீங்க!

14/
1975 சீசன் முழுக்க அவர் ஒரு மேட்ச் கூட ஆடலை. டீம் அவரைக் கைவிடலை. 1976-ல் திரும்பி வந்து, 1989 வரைக்கும் ஆடி, ஆபரேஷனுக்கு அப்புறம் மட்டும் 164 வெற்றி.

நாங்க கத்தியை வச்சு நாணைத்தான் கட்ட முடியும். அது உடம்போட சேர்ந்து வலுவாகுறதுக்கு ஒரு வருஷம் வேணும். அந்த ஒரு வருஷம் அவன் வீட்டுல அடுப்பு எரியணும். பர்மா ஷெல் சம்பளமா இருந்தாலும் சரி, டாட்ஜர்ஸ் ஒப்பந்தமா இருந்தாலும் சரி, அதுவும் சிகிச்சையில ஒரு பாதி.

15/
நம்ம நடராஜனைப் பாருங்க. சேலம் சின்னப்பம்பட்டி. டென்னிஸ் பால்ல ஆடின பையன். சென்னை லீக்ல நாலாவது டிவிஷன்ல பி.எஸ்.என்.எல். டீம், அப்புறம் விஜய் கிரிக்கெட் கிளப், அப்புறம் கெம்பிளாஸ்ட் நடத்துற ஜாலி ரோவர்ஸ். 2015 ஜனவரியில ரஞ்சி. உடனே பந்துவீச்சு ஆக்‌ஷன் மேல சந்தேகம், அதைச் சரிபண்ணி மறுபடி முதல்ல இருந்து. 2017-ல் ஐபிஎல்ல 3 கோடி, அப்புறம் முழங்கை ஆபரேஷன். 2021 ஜனவரியில பிரிஸ்பேன்ல டெஸ்ட்.

ஒவ்வொரு படியிலயும் ஏதோ ஒரு கம்பெனியோ கிளப்போ அவரைத் தாங்கியிருக்கு. நடுவுல ஒரு படி இல்லாம இருந்திருந்தா?

16/
மேல இருக்கிறவங்களுக்கு இன்னைக்குப் பரவாயில்லை. 2021-ல் அறிவிச்சபடி ரஞ்சி ஆட்டக்காரருக்கு ஒரு நாளைக்கு 40,000-ல் இருந்து 60,000 ரூபாய். ஆனா அந்தப் பதினோரு பேருக்குள்ள வர்றதுக்கு முன்னாடி?

எங்க ஓ.பி.க்கு வர்ற பசங்க புழல் ஏரிக்கரையில ஆடுறவங்க, வியாசர்பாடியில ஃபுட்பால் ஆடுறவங்க. முட்டி வீங்கிப் போய் வருவாங்க. லிகமெண்ட் போயிருக்கு, ஆறு மாசம் ஆடக்கூடாதுன்னு சொன்னா, அவங்க கேக்குற முதல் கேள்வி, “லோடு தூக்கலாமா சார்?” ஏன்னா காலையில மஞ்சம்பாக்கம் கன்டெய்னர் யார்டுல காண்ட்ராக்ட் வேலை. லீவு போட்டா கூலி இல்ல. ஆடுறதை நிறுத்திடுவான், மூட்டையை நிறுத்த மாட்டான். முட்டி ஆறவே ஆறாது.

17/
அதனால சில வேண்டுகோள்.

பெற்றோர்களே, பையனோ பொண்ணோ மாவட்டம், மாநிலம்னு ஆடினா ஒவ்வொரு சர்டிஃபிகேட்டையும் பத்திரப்படுத்துங்க. தமிழ்நாடு அரசு வேலையில விளையாட்டு வீரர்களுக்கு 3% ஒதுக்கீடு இருக்கு. ரயில்வேயிலயும் விளையாட்டு ஒதுக்கீடு இருக்கு.

தம்பிகளா, வீங்கின மூட்டுக்கு எண்ணெய் போட்டு நீவி விட்டுட்டு மறுநாள் ஆடாதீங்க. அரசு மருத்துவமனையில எலும்பு டாக்டரும் பிசியோதெரபியும் இலவசம். வாங்க.

கம்பெனி நடத்துற அண்ணன்களே, டோர்னமெண்டுக்கு பேனர் கட்டுறதோட நிறுத்தாதீங்க. ரெண்டு பசங்களுக்கு நிரந்தர வேலை கொடுத்துப் பாருங்க.

18/
1934 நவம்பர் 4 ஸ்கோர்கார்டுல ராம் சிங் எடுத்த 11 விக்கெட் இருக்கு. கோபாலன் பேரும் இருக்கு. அந்த முதல் பந்தைப் போட்ட கைக்கு மாசாமாசம் சம்பளம் யார் கொடுத்தாங்கன்னு அதுல இருக்காது. அடுத்த கோபாலன் வடசென்னையில இருந்து வரணும்னா அந்தக் கேள்விக்கு நாமதான் பதில் சொல்லணும்.

ஆடுற பிள்ளை இருக்கிற வீட்டுக்கு இதை அனுப்புங்க.

- ஒரு அரசு மருத்துவர், புழல்