லகூன்ல படகு, குளத்துல தூண்டில்... டெல்டாவில் ஒரு கோடை மீன் ட்ரிப் பிளான் பண்ணலாமா?

அமெரிக்காவின் மினசோட்டாவில் 'பவுண்டரி வாட்டர்ஸ்' என்று ஒரு ஏரிக்காடு இருக்கிறது. மே மாதம் பனி உருகியதும் சின்னப் படகில் தூண்டிலோடு கிளம்பிவிடுவார்கள். அந்த ரீல்ஸைப் பார்த்துட்டு, ''நம்ம தஞ்சாவூர் பக்கம் இப்படி ஒண்ணு போக முடியுமா ப்ரோ?'' என்று கேட்கிறவர்களுக்கு பதில், முடியும். ஆனால் காலண்டர் தலைகீழ். அங்கே கோடையில் தண்ணீர் வரும். இங்கே கோடையில் தண்ணீர் போகும்.

பிளானில் முதலில் குறிக்க வேண்டிய தேதி ஜனவரி 28. வழக்கமாக மேட்டூரில் பாசனத் தண்ணீரை நிறுத்துகிற நாள். மறுபடி திறப்பது ஜூன் 12. இதுவும் வழக்கம்தான், உத்தரவாதம் இல்லை. 2022-ல் மே 24-ம் தேதியே திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இந்த இடைவெளியில் ஆறும் வாய்க்காலும் மணலாகிவிடும். குளங்களிலும் கடலோரத்திலும்தான் தண்ணீர் மிச்சமிருக்கும். அதனால் ட்ரிப்பை ரெண்டாகப் பிரிச்சுக்குங்க. படகு முத்துப்பேட்டையில், தூண்டில் கிராமத்துக் குளத்தில். மாதம், பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் முதல் வாரம் வரை. அதுக்கு மேல போனா வெயில் உங்களை வறுத்துடும்.

முத்துப்பேட்டை: படகுக்கு மட்டும்

தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை வழியாக சுமார் 75 கி.மீ. திருவாரூர் - காரைக்குடி ரயில் பாதையில் முத்துப்பேட்டை ஸ்டேஷனும் இருக்கிறது. நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து பிரிகிற கோரையாறும் பாமணியாறும் ஊர் ஊராக வயலுக்குப் பாய்ந்துவிட்டு, கடைசியில் வந்து சேர்கிற இடம் இது. ஆற்றுத் தண்ணீரும் பாக் நீரிணை உப்பும் கலக்கிற அந்தப் பரப்பை ஊரில் 'லகூன்' என்றே சொல்கிறார்கள். சுற்றி ஏறக்குறைய 12,000 ஹெக்டேருக்கு அலையாத்திக் காடு. கோடியக்கரையோடு சேர்த்து 2002-ல் ராம்சர் தளமாக அறிவிக்கப்பட்ட பகுதி. 2018 நவம்பர் 16-ம் தேதி கஜா புயல் இதன் மேல்தான் ஏறி வந்தது. முறிந்த மரங்களின் தடம் அதற்குப் பிறகும் பல இடங்களில் தெரிந்தது.

இது காப்புக்காடு. வனத்துறை அனுமதி இல்லாமல் நீங்களாக ஒரு படகைப் பேசிக்கொண்டு உள்ளே போகக் கூடாது. கிளம்புவதற்கு ரெண்டு நாள் முன்னால் முத்துப்பேட்டை வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். படகு ஓடுகிறதா, கட்டணம் எவ்வளவு, எத்தனை பேர் ஏறலாம் என்பதெல்லாம் அவ்வப்போது மாறும். யூடியூபில் பழைய வீடியோவைப் பார்த்துட்டு நேரா போய் நிக்காதீங்க.

தூண்டிலை இங்கே பையிலேயே வையுங்கள். மடவையும் கொடுவாவும் இறாலும் நண்டும் இந்தச் சேற்றில்தான் வளர்கின்றன. அதைப் பிடித்துத்தான் சுற்றியுள்ள குடும்பங்கள் சாப்பிடுகின்றன. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் வேறு. அப்போது மார்க்கெட்டுக்கு மீன் தருவது நாட்டுப்படகுக்காரர்கள்தான். அவங்க வலை கட்டியிருக்கிற இடத்துல செல்ஃபிக்காகப் படகை விடச் சொன்னா, படகு ஓட்டுற அண்ணன் முறைக்கிறதுல நியாயம் இருக்கு!

காலை 6 மணிக்கே ஏறிவிடுங்கள். லகூன் பல இடங்களில் இடுப்பளவு ஆழம்கூட இல்லை, ஆனால் 'நடந்தே போயிடலாம்' என்று இறங்கினால் சேறு முழங்காலை விடாது. சேற்றிலிருந்து ஆணி மாதிரி நீட்டிக்கொண்டிருப்பது அலையாத்தியின் மூச்சு வேர்கள். செருப்பில்லாத காலுக்கு ஆபத்து, மிதித்தால் மரத்துக்கும் கேடு. இன்னொன்று, தில்லை மரம். சிதம்பரத்துக்குப் பெயர் கொடுத்த அதே மரம்தான். கிளையை ஒடித்தால் வருகிற பால் தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. தெரியாத மரத்தில் கை வைக்காதீர்கள்.

குளம்: யாருடையது என்று கேளுங்கள்

தூண்டில் ஆசைக்கு ஊர்க்குளம்தான் சரி. ஆனால் கரையில் யாரும் இல்லை என்பதற்காகக் குளம் சும்மா கிடக்கிறது என்று அர்த்தமில்லை. பெரும்பாலான குளங்களை மீன் பாசிக் குத்தகைக்கு விட்டிருப்பார்கள். குத்தகைக்காரர் கைக்காசு போட்டுக் குஞ்சு விட்டு, கோடையில் தண்ணீர் வற்றும்போது பிடித்து முதலை எடுக்கிறவர். நீங்க 'சும்மா ஒரு மணி நேரம்'னு நினைக்கிறது அவருக்கு ஒரு வருஷ வரவு. ஊருக்குள் போனதும் டீக்கடையில் கேளுங்கள், ''இந்தக் குளம் யாரு குத்தகைங்கண்ணே?'' ஒரு தூண்டிலுக்குப் பெரும்பாலும் 'போட்டுக்குங்க தம்பி' என்றுதான் பதில் வரும். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். நண்பர்கள் யாருக்காவது வயலில் சொந்தப் பண்ணைக்குட்டை இருந்தால் இந்தப் பேச்சுக்கே வேலையில்லை.

காஸ்ட்லி ரீல் ராடு எதுவும் வேண்டாம். மூங்கில் கம்பு, நைலான் நரம்பு, முள், ஒரு தக்கை, அவ்வளவுதான். கெண்டைக்கும் ஜிலேபிக்கும் மண்புழு அல்லது பிசைந்த கோதுமை மாவு போதும். கெளுத்திக்குக் கோழிக்குடல். விராலுக்கு உயிருள்ள சின்ன மீனோ தவளையோ வேண்டும். காலையில் வெயில் ஏறும் வரை, சாயங்காலம் 4 மணிக்கு மேல், இந்த ரெண்டு நேரத்தில்தான் கடிக்கும். நடுப்பகலில் மீனுக்கும் புத்தி இருக்கிறது, ஆழத்துக்குப் போய்விடும்.

தண்ணீர் மேல் செக்கச்செவேல் என்று பொடிக்குஞ்சுக் கூட்டம் ஒன்று சேர்ந்து நகர்கிறதா? அதன் கீழே பெரிய விரால் காவலுக்கு நிற்கும். அந்த நேரம் எதைப் போட்டாலும் சீறி வந்து கவ்வும் என்பதால் ஆசை வரும். அதைத் தூக்கிவிட்டால் காவல் இல்லாத குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்று தீர்த்துவிடும். அந்தப் பக்கம் தூண்டில் வேண்டாம்.

பேட்டரி, வயர் என்று யாராவது ஷார்ட்கட் சொன்னால் அங்கிருந்து நகருங்கள். தண்ணீரில் நிற்பவர் யாராக இருந்தாலும் கரண்ட்டுக்கு ஒன்றுதான். வெடியும் விஷமும் வைத்து மீன் பிடிப்பதை 1897-ம் வருட இந்திய மீன்வளச் சட்டமே தடை செய்திருக்கிறது.

கெளுத்தி, தேளி முள் குத்தினால் கடுக்கும். பொறுக்கிற அளவு சூட்டில் வெந்நீரில் கையை வைத்தால் வலி குறையும். முள் உள்ளே ஒடிந்திருந்தால் நோண்டாமல் டாக்டரிடம் போங்கள்.

கொள்ளிடம் மட்டும் வேண்டாம்

கோடையிலும் அங்கங்கே குட்டை குட்டையாகத் தண்ணீர் நிற்பதால் கொள்ளிடம் கூப்பிடும். மணல் அள்ளிய பள்ளங்கள் மேலே பார்த்தால் தெரியாது. முழங்கால் தண்ணீரில் இருந்து அடுத்த அடியில் ஆளையே முழுங்கும் ஆழம். ஒவ்வொரு கோடை லீவிலும் குளிக்கப் போன பிள்ளைகள் பற்றிச் செய்தி வருவது இப்படித்தான். அணைக்கரைப் பக்கம் முதலைகளும் உண்டு, இது பயமுறுத்தச் சொல்கிற கதையில்லை. ஜூன் நெருங்கினால் இன்னொரு சிக்கல். மேட்டூரில் திறந்த தண்ணீர் மூணு நாலு நாளில் கல்லணைக்கு வந்துவிடும். அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, புது ஆறு எனப் பிரித்து விடும்போது, நீங்கள் டென்ட் போட்ட மணல்திட்டு ராத்திரியோடு காணாமல் போகலாம். ஆற்றுக்குள் தங்குகிற ஐடியாவையே கைவிடுங்கள்.

பையில் லைஃப் ஜாக்கெட் (படகில் தருவார்கள் என்று நம்பி இருக்காதீர்கள்), தொப்பி, ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர், ஓ.ஆர்.எஸ். பாக்கெட், போனுக்கு வாட்டர்புரூஃப் கவர் இருக்கட்டும். நீச்சல் தெரியாதவர் எத்தனை பேர் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். கூச்சத்தில் யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள். அவசரத்துக்கு 108, 112.

விரால் கிடைத்தால் வழவழப்பு போக, கல்லில் சாம்பலும் உப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவணும். குழம்பை சாயங்காலமே வைத்து, மறுநாள் காலையில் பழைய சோற்றுக்கு எடுங்கள். பிடித்ததில் ஒன்றிரண்டை குத்தகைக்காரர் வீட்டுக்குக் கொடுத்துட்டு வந்தா, அடுத்த வருஷம் அவரே போன் பண்ணுவார்.